மூன்றடி வழிக்கு ஒரு மெஷின்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்பின் முன்னால் இருக்கிற சின்னப் புல்தரையில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது பேட்டரியில் ஓடுகிற மெஷின். மிக்ஸி போடும் சத்தத்தில் பாதிகூட இல்லை. அதனால் கவனிக்காமலே தாண்டிப் போயிருப்பேன், வாசனைதான் பிடித்து நிறுத்தியது. வெட்டிய புல்லின் வாசனை வெள்ளரிக்காய் நறுக்கினாற்போல ஆரம்பித்து, நனைந்த கோணிப்பை மாதிரி முடியும். மூச்சை இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பால் வாங்கிக்கொண்டு படியேறும்போதுதான் அது என்னவென்று புரிந்தது. பெட்ரோல். எனக்குத் தெரிந்த புல் வாசனையில் பெட்ரோலும் அதில் கலக்கிற எண்ணெயும் சேர்ந்துதான் இருக்கும். அன்று வீட்டில் காபி தாமதமாகத்தான் வந்தது.

இருபத்தேழு வயதில் எனக்குப் புல்லோடுதான் பிழைப்பு. நான் புல் நட்டவனில்லை, அந்த அளவுக்குப் பொறுமையும் கிடையாது. அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் தனம் அக்கா என்று ஒருவர் தோட்டப் பராமரிப்புக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தெருவைப் பார்த்து இரண்டு அறை, பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி பழையது ஒன்று, அவ்வளவுதான். புதிதாகப் புல் போட்டுக் கொடுக்கிறவர்கள் அப்போதே ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். செத்துப்போன புல்தரையை மறுபடி எழுப்பித் தருகிறவர்கள் குறைவு. அக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்பெனி வாசல்கள், ஆவடியில் சில பெரிய வீடுகள், பூந்தமல்லிப் பக்கம் ஒன்றிரண்டு கல்யாண மண்டபங்கள். நாற்காலி போட்டு மிதித்து, பந்தல் கால் நட்டு, எச்சில் தண்ணீர் ஊற்றிச் சாகடித்த புல்லையெல்லாம் எங்களிடம்தான் ஒப்படைப்பார்கள்.

அங்கே சாமான் வாங்குவது என் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்திருந்தேன். மெஷின் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் வழவழப்பான புத்தகங்களை மற்றவர்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிப்பதுபோலப் படிப்பேன். எத்தனை குதிரைத்திறன், எத்தனை பற்கள், எவ்வளவு அகலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சேர்ந்த மூன்றாவது மாதமே அக்காவைப் பேசிச் சரிக்கட்டி, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்றை வாங்க வைத்தேன். சிவப்பு நிறம், பார்க்கச் சின்ன டிராக்டர் மாதிரி கம்பீரமாக இருக்கும். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் இடத்திலும் புல்தரைக்குப் போகிற வழிக்குள் அது நுழையாது. அப்படியே நுழைந்தாலும் திரும்புவதற்கு இடம் இருக்காது. கொட்டகையிலேயே நின்றுவிட்டது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஃபோன் வந்தால் போய் அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு பேசுவார். நான் அந்தப் பக்கம் போனால் குரலை உயர்த்தி, "ஆமாங்க, வண்டியிலதான் இருக்கேன்" என்பார். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அந்த வருஷ மழைக்காலம் முடிந்த கையோடு ஜெசிந்தா டீச்சரிடமிருந்து ஃபோன் வந்தது. அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், நடக்கச் சிரமப்படுகிற குழந்தைகளுக்காக ஒரு சின்னப் பள்ளி இருந்தது. மொத்தமே பதினெட்டுக் குழந்தைகள். டீச்சர்தான் அதற்குப் பொறுப்பு. பள்ளிக்குப் பின்னால் ஒரு புல்தரை உண்டு, ஏரித் தண்ணீர் வந்து நாலு நாள் நின்று போனதில் வீணாகிவிட்டது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

நானும் எங்கள் மெக்கானிக் இலியாஸும் போனோம். இலியாஸுக்கும் என் வயதுதான், பூந்தமல்லிக்காரன். எந்த எஞ்சினையும் காது கொடுத்துக் கேட்டே குறை சொல்லிவிடுவான். என் குறைகளையும் அப்படித்தான். போய்ப் பார்த்தால் புல்தரை என்ற ஒன்றே இல்லை. இரண்டு விரல் கனத்துக்கு வண்டல் படிந்து, வெயிலில் காய்ந்து, சிமெண்ட் பூசினது போல இறுகிக் கிடந்தது. அங்கங்கே வெடிப்பு. வெடிப்புக்குள் வைக்கோல் நிறத்தில் பழைய புல்.

ஜெசிந்தா டீச்சருக்குத் தூத்துக்குடிப் பக்கம். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அந்த ஊர்ப் பேச்சு அவரிடம் கொஞ்சமும் மாறியிருக்கவில்லை.

"எங்க பிள்ளைங்க விழுந்து விழுந்துதான் நடக்கப் படிக்கும், பாத்துக்கிடுங்க. இப்ப இதுல விழுந்தா முட்டி பேந்துருது. ரெண்டு மூணு பிள்ளைங்க பயந்துபோயி எந்திரிக்கவே மாட்டேங்கு."

அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போனோம். நடந்துகொண்டே இன்னொன்றும் சொன்னார். பள்ளியை நடத்துகிற குழுவின் செயலாளர் இந்த மண்ணைப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் கொத்திப்போட்டு சிமெண்ட் கல் பதித்துவிடலாம் என்கிறாராம். சுத்தமாக இருக்கும், சேறு வராது, ஆண்டுக்கு ஒருதரம் தண்ணீர் வந்தாலும் கழுவி விட்டுவிடலாம். டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மாதம் தவணை வாங்கியிருந்தார். அதற்குள் புல் வரவில்லையென்றால் கல்தான்.

வகுப்பு ஜன்னல் வழியாக ஒரு பெண் குழந்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு வயது இருக்கும், இரட்டைப் பின்னல். பெயர் அபிநயா என்றார் டீச்சர். மழைக்கு முன்னால் பிடித்துக்கொள்ளாமல் நாலு எட்டு வைத்தவளாம். இந்தக் கட்டாந்தரையில் ஒருமுறை விழுந்ததிலிருந்து சுவரை விடுவதில்லை.

இந்த இடத்தில் நான் நிதானமாக யோசித்திருக்க வேண்டும். ஆனால் கொட்டகையில் நின்ற சிவப்பு வண்டியின் பாவத்தைக் கழுவ எனக்கு அவசரம். இறுகிய மண்ணில் காற்றும் தண்ணீரும் இறங்க வேண்டுமானால், விரல் மொத்தத்துக்கு ஆயிரக்கணக்கில் துளை போட்டு, மண்ணைத் துண்டு துண்டாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கென்றே பெட்ரோலில் ஓடும் மெஷின் உண்டு. எங்கள் ஆட்கள் அதை ஓட்டை மெஷின் என்பார்கள். வாடகைக்குக் கிடைத்தது. இந்த முறை நான் உஷார். டேப்பை எடுத்துப் போய்ப் பள்ளியின் பக்கவாட்டுக் கேட்டை அளந்தேன். சரியாக மூன்றடி. மெஷின் இரண்டே முக்கால். அக்காவிடம் போய், "உள்ளே போகும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

போனது. கேட்டைத் தாண்டிப் போகவே செய்தது. கேட்டுக்கு அப்புறம் சக்கர நாற்காலிக்காகச் சரிவுப் பாதை ஒன்று, இரண்டு பக்கமும் குழந்தைகள் பிடித்து நடக்க இரும்புக் கம்பி. பத்தடி போனதும் பாதை சட்டென்று இடதுபுறம் திரும்பும். மெஷினின் மூக்கு ஒரு பக்கக் கம்பியில் இடிக்க, கைப்பிடி மறுபக்கச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஆள் தூக்குகிற எடையும் இல்லை.

இலியாஸ் கம்பியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமே, கேட்ட அளந்த, கரெக்டு. திரும்புற எடத்த யாரு அளப்பா?"

எஞ்சினைப் போட்டு அதன் பலத்திலேயே பின்னால் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். அதுதான் அன்றைய தப்புகளிலேயே பெரியது. கயிற்றை இழுத்ததும் அந்தச் சந்து முழுக்கப் புகையும் இரைச்சலும். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து குழந்தைகள் அலறுவது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இலியாஸ் பாய்ந்து அணைத்தான்.

டீச்சர் வெளியே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அதப் போடாதீங்க சார். எங்க பிள்ளைங்களுக்குச் சத்தம் ஆகாது" என்று மட்டும் சொன்னார். கதவு திறந்திருந்ததால் உள்ளே தெரிந்தது. அபிநயா மேஜைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன் என்பதைவிட, அவள் என்னைப் பார்த்தாள் என்பதுதான் சரி. அந்தப் பார்வையை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். மெஷினை நாலு ஆட்களைக் கூப்பிட்டு, பலகை போட்டு நெம்பி, சாயங்காலத்துக்குள் வெளியே எடுத்தோம்.

மறுநாள் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் வழக்கம்போலச் சிவப்பு வண்டியின் சீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இலியாஸ் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான்.

"தம்பி, நீ ஒவ்வொரு தடவையும் மெஷின்ல இருந்து ஆரம்பிக்கிற. இந்தத் தடவ ஒண்ணும் வாங்காத. அங்க என்ன ஆகாதுன்னு மட்டும் எழுதிக்கிட்டு வா" என்றார்.

எழுதினேன். அந்த வழவழப்புப் புத்தகம் ஒன்றின் பின்னட்டையிலேயே எழுதினேன். சத்தம் ஆகாது. புகை ஆகாது. இரண்டடிக்கு மேல் அகலம் ஆகாது, நீளமும் ஆகாது. கம்பியில் இடிக்கக்கூடாது. சரிவில் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போகிற எடைதான் இருக்கலாம். எழுதிவிட்டுப் பார்த்தால், லேசான எதுவும் அந்த மண்ணில் இறங்காது. துளை போட கனம் வேண்டும், உள்ளே போகக் கனம் இருக்கக்கூடாது. இதற்கு மேல் யோசிக்க முடியாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

இலியாஸ் எதிரே தண்ணீர் கேன் போடுகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிறைந்த கேன்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார் அவர். காலிக் கேன்களை மட்டும் ஒரு கைக்கு மூன்றாகக் கோத்துத் தூக்கிப் போனார்.

"மாமே, உள்ள போறப்போ லேசா போவட்டும். உள்ள போயி கனமாக்கிக்கலாம்ல?"

அவ்வளவுதான் விஷயம். கேட்டபோது இதைச் சொல்ல ஒரு மெக்கானிக் வேண்டுமா என்றிருந்தது. ஆனால் ஐந்து நாளாக எனக்குத் தோன்றவில்லையே.

திருமழிசை தொழிற்பேட்டையில் இலியாஸின் சித்தப்பா மகன் ஒரு பட்டறை வைத்திருந்தான். மறுநாள் இலியாஸின் பைக்கில் போனோம். நெடுஞ்சாலையில் பஸ்களோடு போட்டி போட்டுவிட்டு உள்ளே திரும்பினால், ஒரு பக்கம் லேத் சத்தம், மறுபக்கம் வயலில் கொக்கு. நான் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். இரண்டடி அகலத்துக்கு இரும்பு உருளை. அதைச் சுற்றி, ஒரு பக்கம் கூர்மையாகச் சீவின குழாய்த் துண்டுகள். உருண்டு போகும்போது ஒவ்வொரு குழாயும் மண்ணில் இறங்கி, ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். உருளைக்கு மேல் ஒரு தட்டு. வெறும் தட்டோடு உள்ளே தள்ளிக்கொண்டு போய், தரைக்குப் போனதும் செங்கல் அடுக்கிக் கனம் ஏற்றலாம். எஞ்சின் கிடையாது, இரண்டு பேர் கயிற்றில் இழுக்க வேண்டியதுதான். பட்டறைக்காரன் வரைந்ததைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு பேரு வந்துகினு?" என்றான். மூன்று நாளில் செய்து கொடுத்தான்.

அந்தத் தரைக்கு இன்னும் இரண்டு சாமான் வேண்டியிருந்தது, அவற்றைக் கடையிலேயே தேர்ந்தெடுத்தேன். செத்த புல்லைச் சீப்பு மாதிரி வாரி எடுக்கிற சின்னக் கரண்ட் மெஷின் ஒன்று. கடைக்காரரைப் போட்டுக் காட்டச் சொல்லி, நான் தெருமுனை வரை நடந்து போய்ச் சத்தத்தைக் கேட்டேன். திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றும் கேட்டேன். கடைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார். இன்னொன்று, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கனமாக்குகிற உருளை. காலியாக இருந்தால் ஒரு ஆளே உருட்டலாம். இரண்டையும் வாங்குவதற்கு முன், அதே அளவுக்கு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, பள்ளிக்குக் கொண்டு போய் அந்தத் திருப்பத்தில் திருப்பிப் பார்த்தோம். அட்டைப்பெட்டியை நானும் இலியாஸும் பயபக்தியோடு தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துக் குழந்தைகள் ஜன்னலில் சேர்ந்து சிரித்தன. அபிநயாவும் சிரித்தாளா என்று பார்த்தேன். இல்லை.

எங்கள் ஆட்கள் முதலில் வண்டலைச் சுரண்டி வாரினார்கள். இரண்டு நாள் தண்ணீர் விட்டு ஊறப்போட்டோம். அப்புறம் ஓட்டை உருளை. முதல் இழுப்பில் நானும் இலியாஸும்தான் மாடுகள். தட்டில் பதினாறு செங்கல். பத்தடி இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின்னால் மண்துண்டுகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. அந்த ஈர மண் வாசனையில் எனக்கு மூச்சு வாங்கினதே மறந்துபோயிற்று. குழந்தைகள் அவற்றைப் பொறுக்கி ஆளுக்கொரு டப்பாவில் சேர்த்தார்கள். நாங்கள் அந்தத் துளைகளில் மணலும் மக்கிய எருவும் கலந்து பரப்பி, துடைப்பத்தால் தள்ளி இறக்கினோம். சீப்பு மெஷினைப் போடுவதற்கு முன், டீச்சர் குழந்தைகளைக் கூப்பிட்டு, "இப்ப ஒரு வண்டு சத்தம் போடும், யாருக்குக் கேக்குதுன்னு பாப்போம்" என்றார். பொத்தானை அழுத்தியவுடன் நான் மெஷினைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தேன். யாரும் காதைப் பொத்தவில்லை.

தரையில் படர்கிற பெர்முடா புல்லை வேரோடு சின்னச் சின்னதாகப் பிரித்து நட்டு முடித்தோம். அப்புறம் வேர் மண்ணில் பதிய, தண்ணீர் உருளையை லேசாக ஓட்ட வேண்டும். அதை நிரப்ப நான் ஹோஸ் பைப்பைத் தேடிப் போனேன். டீச்சர் தடுத்தார்.

"பைப்பு எதுக்கு சார்? குடுங்க, எங்க பிள்ளைங்க ஊத்தும். கைக்கு இதவிட நல்ல பயிற்சி கிடையாது."

பதினெட்டுக் குழந்தைகளும் வரிசையாக வந்து, ஆளுக்கொரு மக்கில் தண்ணீர் எடுத்து, உருளையின் வாயில் ஊற்றினார்கள். பாதி உள்ளே போயிற்று, பாதி என் பேண்ட்டில். ஹோஸில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை முழுதாக ஒரு மணி நேரம் நடந்தது. அபிநயா சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தாள். ஊற்றுவதற்கு இரண்டு கையும் வேண்டும். கொஞ்ச நேரம் சுவரையும் மக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சுவரை விட்டுவிட்டு, உருளையின் மேல் சாய்ந்துகொண்டு ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி, அவசரமில்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து, தவணை முடிகிற நேரத்தில் செயலாளர் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். கையில் சிமெண்ட் கல் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தார். புல் வந்திருந்தது, முழுதாக என்று சொல்லமாட்டேன். பச்சை முக்கால், மண் கால். ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "திட்டுத்திட்டாத்தான வந்திருக்கு" என்றார். நான் இன்னும் மூன்று வாரத்தில் மூடிவிடும் என்று தொடங்கினேன். இலியாஸ் என் காலை மிதித்தான்.

டீச்சர் எதுவும் வாதாடவில்லை. அது குழந்தைகள் வெளியே வருகிற நேரம். கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். நாலைந்து பேர் தவழ்ந்து இறங்கினார்கள். இரண்டு பேர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அபிநயா சுவரோரமாகவே வந்தாள், பாதியில் நின்றாள், சுவரிலிருந்து கையை எடுத்தாள். ஒரு எட்டு, இரண்டு எட்டு. மூன்றாவது எட்டில் விழுந்துவிட்டாள், குப்புற, சத்தத்தோடு.

செயலாளர்தான் முதலில் ஓடினார். கல்லைக் கீழே போட்டுவிட்டு, மண்டி போட்டு அவளைத் தூக்கி நிறுத்தி, பாவாடையை ஒதுக்கி முழங்காலைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் பச்சைக் கறை மட்டும் ஒட்டியிருந்தது. அபிநயா அவர் கையை விலக்கிவிட்டு, மறுபடி இரண்டு எட்டு வைத்து, மறுபடி விழுந்தாள். இந்த முறை வேண்டுமென்றே விழுந்தாளோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். ஏனென்றால் விழுந்த பிறகு சிரித்தாள்.

செயலாளர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "கல்லுக்காரன வரவேணாம்னு சொல்லிடறேன்மா" என்றார். அவள் நடந்ததற்காக அந்தப் புல் பிழைக்கவில்லை. அவள் விழுந்ததற்காகப் பிழைத்தது. அன்று நானும் இலியாஸும் குட்டியானையில் திரும்பினோம். என் வீட்டுக்கு நூறடி இருக்கும்போது அவன், "பிரியாணி துன்றியா மாமே?" என்றான். தின்றோம்.

அதற்கப்புறம் நான் நிறைய மெஷின்கள் வாங்கிவிட்டேன், வேறு வேறு கம்பெனிகளுக்கு. வேலை நன்றாகத்தான் போகிறது. தனம் அக்கா தொழிலை முடித்துக்கொண்டு கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போய்விட்டார். மேனாம்பேட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு ஜிம். பள்ளியும் சில வருஷத்தில் பெரிய இடத்துக்கு மாறியது, நல்ல காரியம்தான். அந்தத் தரையில் மூன்று மாடி வீடுகள் வந்துவிட்டன. ஜெசிந்தா டீச்சரின் கணவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இருவரும் தூத்துக்குடிக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நாள் ஃபோனில் பேசினோம், அப்புறம் எண் மாறிப்போயிற்று. அபிநயாவின் அப்பாவுக்கும் ஆவடியிலிருந்து மாற்றலாகி எங்கோ வடக்கே போனார்கள் என்று கேள்வி. எந்த ஊர் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்பதற்கு ஆளில்லை.

இலியாஸ் மட்டும் பூந்தமல்லியில்தான் இருக்கிறான். ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். போன வாரம் அவன் கடையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும், எப்படி நடக்கிறாளோ என்றேன். அவன் திருகிக்கொண்டிருந்த ஸ்குருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாத்துக்குக் கவலப்பட்ற? வுழத் தெரிஞ்சுகிச்சு இல்ல, நடந்துகினுதான் கீது" என்றான்.

அவனுக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு டீ சொன்னேன்.